கேட்பதற்கென்று ஓர் ஆண்டெனா

1921ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஆர்ட்ராசன் என்ற சிறு துறைமுக ஊர். கடலோர வயலில் அடித்த கூடாரத்துக்குள் பால் காட்லி என்ற அமெரிக்க வானொலிப் பொறியாளர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்தார். வெளியே குளிரும் மழையும் கடற்காற்றும். கூடாரத்திலிருந்து கிளம்பிய ஒரு கம்பி, 12 அடி உயரக் கம்பங்களின் மேலேறி, 1,300 அடி தூரம் வயலைக் கடந்து ஓடியது. அமெரிக்க அமெச்சூர்களின் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். அவரை அட்லாண்டிக் கடலுக்கு இந்தப்பக்கம் அனுப்பியது ஒரு கேள்விக்கு விடை காணத்தான். பொழுதுபோக்காக வானொலி பழகுகிறவர்கள் சொந்தக் காசில் கட்டிய சிறு டிரான்ஸ்மிட்டர்களின் சிக்னல் ஐரோப்பா வரை எட்டுமா?

எட்டியது. கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச் ஊரிலிருந்து 1பிசிஜி என்ற அமெச்சூர் நிலையம் அனுப்பிய மோர்ஸ் செய்தி, ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் கடந்து வந்து காட்லியின் காதில் விழுந்தது. இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க அமெச்சூர் நிலையங்களை அவர் அந்த நாட்களில் கேட்டுக் குறித்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1923 நவம்பரில், பிரான்சின் லியோன் தெலுவாவும் அமெரிக்காவின் ஃபிரெட் ஷ்னெல்லும் அட்லாண்டிக்கின் இரு கரைகளிலிருந்தும் நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள்.

அமெச்சூர் வானொலியின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் இந்தச் சம்பவத்தைத் தவறாமல் சொல்வார்கள். அந்த வயலில் ஓடிய கம்பியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அதன் பெயர் பெவரேஜ் ஆண்டெனா. தரையை ஒட்டிப் போவதால் அது பிடிக்கும் ஆற்றலில் பெரும்பகுதி மண்ணிலேயே வீணாகிவிடும். சிக்னல் அனுப்ப அது உதவாது. ஆனாலும் கேட்பதில், உயரமான கம்பங்களில் கட்டிய அருமையான ஏரியல்களை அது தோற்கடித்தது. திறன் குறைந்த ஆண்டெனா எப்படி நன்றாகக் கேட்கும்? இந்தப் புதிரை முழுதாக அவிழ்க்கப் பொறியாளர்களுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அவிழ்ந்தபோது கிடைத்ததுதான் இன்று அடுக்குமாடி வீட்டின் பால்கனியிலும் மொட்டை மாடியிலும் நிற்கும், பெருக்கியைத் தன்னோடு கொண்ட ஆக்டிவ் ஆண்டெனா.

கம்பி நீண்ட காலம்

கேட்பதற்கான முதல் ஆண்டெனா ஒரு வளையம். 1887இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைத் தேடியபோது, தாமிரக் கம்பியைச் சுமார் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமாக வளைத்து, அதன் இரு முனைகளுக்கிடையே மயிரிழை இடைவெளி விட்டார். அலை வந்து மோதியதும் அந்த இடைவெளியில் சிறு பொறி தெறித்தது. இருட்டறையில் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் அதைப் பார்க்க முடிந்தது.

தூரம் கூடக் கூட அந்தச் சின்ன வளையம் போதவில்லை. 1901 டிசம்பர் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் ஹில் குன்றில், இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து வரும் சிக்னலுக்காக மார்க்கோனி காத்திருந்தபோது, பட்டம் ஒன்று சுமார் 500 அடி கம்பியை வானத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தது. அவ்வளவு நீளம் எதற்கு? அன்றைய ரிசீவரில் பெருக்கி என்று எதுவுமே கிடையாது. காதில் கேட்கும் ஒலிக்கு வேண்டிய ஆற்றல் முழுவதையும் கம்பியே காற்றிலிருந்து வாரிக்கொண்டு வர வேண்டும். இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் கிரிஸ்டல் செட் வைத்திருந்த நேயர்களின் நிலைமை இதுதான். 1924 ஜூலை 31 அன்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தன் ஒலிபரப்பைத் தொடங்கிய காலமும் அதுவே. பேட்டரியோ மின்சாரமோ இல்லாமல் கிரிஸ்டல் செட்டில் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால், நல்ல நீளமான ஏரியலும் ஈரமான மண்ணில் இறக்கிய எர்த் கம்பியும் இருந்தே ஆக வேண்டும்.

இந்தக் கட்டாயத்தை உடைத்தது வால்வு. லீ டி ஃபாரஸ்ட் 1906இல் கொண்டுவந்த ஆடியான் வால்வும், அதை வைத்து எட்வின் ஆம்ஸ்ட்ராங் அடுத்தடுத்து உருவாக்கிய சர்க்யூட்டுகளும் சிக்னலை ரிசீவருக்குள்ளேயே பல்லாயிரம் மடங்கு பெருக்கின. கம்பி ஆற்றலை அள்ளித் தர வேண்டிய தேவை போயிற்று. வளையம் திரும்பி வந்தது. ஜெர்மன் இயற்பியலாளர் ஃபெர்டினாண்ட் பிரவுன், மூடிய கம்பிச் சுற்றை ஆண்டெனாவாக வைத்து 1913இல் சோதனைகள் நடத்தினார். முதல் உலகப் போரில் பொறியாளர் எச்.ஜே. ரவுண்ட் அமைத்த பிரிட்டிஷ் திசையறியும் நிலையங்கள் வளைய ஆண்டெனாக்களோடு எதிரிக் கப்பல்களின் வானொலியை ஒட்டுக்கேட்டன. 1916 மே மாத இறுதியில், வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் இருந்த ஜெர்மன் கப்பலின் திசை சுமார் ஒன்றரை பாகை நகர்ந்ததை அந்த நிலையங்கள் கண்டுபிடித்தன. பிரிட்டிஷ் கடற்படை புறப்பட்டது. ஜட்லாண்ட் கடற்போர் மூண்டது. 1924இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் விற்ற சூப்பர்ஹெட்டிரோடைன் ரேடியோலா பெட்டிக்குள்ளேயே வளைய ஏரியல் அடங்கிவிட்டது.

வளையத்துக்கு ஒரு குணம் உண்டு. அது தன் தளம் நீளும் இரு பக்கங்களிலும் நன்றாகக் கேட்கும். முகம் பார்க்கும் இரு பக்கங்களிலும் ஏறக்குறையச் செவிடாகிவிடும். மேலிருந்து பார்த்தால் அதன் கேட்கும் எல்லை 8 என்ற எண்ணைப் போல் இருக்கும். மத்திய அலையில் இலங்கை வானொலி கேட்பதற்காக டிரான்சிஸ்டர் பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்த தலைமுறைக்கு இந்தக் குணம் அனுபவத்திலேயே தெரியும். பெட்டியைத் திறந்தால் விரல் நீளக் கறுப்புக் குச்சி ஒன்றும் அதைச் சுற்றி மெல்லிய தாமிரக் கம்பியும் தெரியுமே, அந்த ஃபெரைட் குச்சியும் அடிப்படையில் ஒரு வளைய ஆண்டெனாதான். கூடத்தில் பெட்டியின் முகத்தைச் சற்றே திருப்பினால் கரகரப்பு அடங்கிப் பாட்டு மேலெழும். பெட்டி பிடிக்கும் பாட்டு அதே அளவில்தான் இருக்கும். கரகரப்பு வந்த திசை செவிட்டுப் பக்கத்துக்குப் போயிருக்கும்.

பெவரேஜ் ஆண்டெனாவுக்குப் பெயர் தந்த ஹரால்டு பெவரேஜ் கண்டதும் இதே உண்மையின் இன்னொரு முகம். அமெரிக்காவின் மேய்ன் மாநிலக் கரையில் ஒட்டர் கிளிஃப்ஸ் கடற்படை நிலையத்தின் கம்பிகளை ஆராய்ந்தபோது, தரையை ஒட்டி நீளமாக ஓடும் கம்பி ஒரே திசையிலிருந்து வருவதை மட்டும் எடுத்துக்கொள்வதை அவர் கவனித்தார். 1921இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவருடன் சேர்ந்து அதன் கணக்கையும் எழுதினார். லாங் ஐலண்டில் ரிவர்ஹெட் என்ற இடத்தில் ஆர்.சி.ஏ. நிறுவனம் ஐரோப்பியச் செய்திகளைக் கேட்க நீட்டிய பெவரேஜ் கம்பி சுமார் 14 கிலோமீட்டர். மற்ற திசைகளிலிருந்து வந்த இடியும் மின்னலும் கிளப்பிய கரகரப்பை அது ஒதுக்கியது. பிடித்த ஆற்றல் சிறிது. ஒதுக்கிய இரைச்சலோ ஏராளம். ஆர்ட்ராசனில் காட்லிக்குக் கைகொடுத்தது இந்தக் கணக்குதான்.

இரைச்சலை அளந்தவர்கள்

கரகரப்பு எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதை அளந்த பிறகே ஆண்டெனாவைக் குறுக்க முடிந்தது. அந்த வேலையில் முன்னால் நிற்பவர் கார்ல் ஜான்ஸ்கி. நியூஜெர்சியின் ஹோல்ம்டெலில் இருந்த பெல் ஆய்வகத்தில், சக்கரங்களின் மேல் சுழலும் பெரிய ஆண்டெனா ஒன்றைக் கட்டி 20.5 மெகாஹெர்ட்ஸில் அவர் கேட்டார். அருகில் இடிக்கும் இடியின் கரகரப்பு, தொலைவில் இடிக்கும் இடியின் கரகரப்பு, இவை இரண்டும் போக மூன்றாவதாக ஒரு மெல்லிய சீறல் எப்போதும் இருந்தது. அது சூரிய நாளைப் பின்பற்றாமல் நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்ந்தது. பால்வீதியிலிருந்து வருகிறது என்று 1933இல் அறிவித்தார். வானொலி வானியல் பிறந்த இடம் இது. ஆண்டெனாக்காரர்களுக்கும் இதில் ஒரு செய்தி இருந்தது: வானம் ஒருபோதும் மௌனமாக இல்லை.

அதே பெல் ஆய்வகத்தின் ஹரால்டு ஃப்ரிஸ், ஒரு ரிசீவர் தானாகச் சேர்க்கும் இரைச்சல் எவ்வளவு என்பதை அளக்க 1944இல் தெளிவான அளவுகோல் ஒன்றைத் தந்தார். 1960களில் சர்வதேச வானொலி ஆலோசனைக் குழு, இடிமின்னலால் எழும் இரைச்சல் உலகின் எந்தப் பகுதியில், எந்தப் பருவத்தில், நாளின் எந்த வேளையில் எவ்வளவு இருக்கும் என்பதை வரைபடங்களாக வெளியிட்டது. இடி மிகுந்த வெப்பமண்டலம் அந்த வரைபடங்களில் தனித்துத் தெரியும். கோடை மழைக்காலத்தில் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இரவில் 80 மீட்டர் பேண்டைத் திறந்து பார்த்த, ஹாம் என்று அழைக்கப்படும் எந்த அமெச்சூருக்கும் அந்தப் படபடப்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த எண்களை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. எந்தச் சர்க்யூட்டிலும் வெப்பத்தினால் எழும் ஓர் அடிப்படை இரைச்சல் உண்டு. அதைவிடக் குறைவான சிக்னலைச் சாதாரணமாகக் கேட்க முடியாது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்குப்படி, 10 மெகாஹெர்ட்ஸில் மனிதர்களின் மின்சாதனங்கள் கிளப்பும் இரைச்சல், மிக அமைதியான நாட்டுப்புறத்தில்கூட அந்த அடிப்படையைவிடச் சுமார் 25 டெசிபல் மேலே இருக்கிறது. சாதாரணக் கிராமப்புறத்தில் ஏறக்குறைய 40 டெசிபல், அதாவது பத்தாயிரம் மடங்கு. நகரத்தின் கடைத்தெருவில் 49 டெசிபல். ஆகவே கிராமத்தில் ஓர் ஆண்டெனா தன்மீது விழும் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கை மட்டும் ரிசீவருக்குத் தந்தாலும், வெளி இரைச்சலே இன்னும் நூறு மடங்கு மேலோங்கி நிற்கும். சிக்னலும் இரைச்சலும் ஒரே விகிதத்தில்தான் குறைகின்றன. கேட்பதில் எந்த நட்டமும் இல்லை. கெட்டிமேளம் கொட்டும் மண்டபத்தில் மெதுவாகப் பேசுகிறவரைக் கேட்க, காதில் பெரிய குழலை வைத்தால் மேளமும் கூடவே பெருகும் அல்லவா, அதுபோல் பெரிய ஆண்டெனா இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது.

இந்தக் கணக்கு உயர் அதிர்வெண்களுக்குச் செல்லாது. 144 மெகாஹெர்ட்ஸ் போன்ற இடங்களில் வெளி இரைச்சல் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அங்கே ஆண்டெனா பிடிக்கும் ஒவ்வொரு துளி ஆற்றலும் கணக்கில் வரும். அதனால்தான் அங்கே இன்றும் நீண்ட யாகி ஆண்டெனாக்கள் ஆட்சி செய்கின்றன. ஆக்டிவ் ஆண்டெனாவின் சாம்ராஜ்யம் பெரும்பாலும் நீள அலையிலிருந்து சிற்றலை வரைதான்.

மியூனிக்கிலிருந்து லீட்ஸ் வரை

ஒரு மீட்டர் குச்சியை அப்படியே 50 ஓம் கேபிளில் கோத்தால் எதுவும் கேட்காது. அந்தக் குச்சி மின்சாரத்துக்கு ஏறக்குறைய 10 பிகோஃபாரட் மின்தேக்கியாகத் தெரியும். 1 மெகாஹெர்ட்ஸில் அதன் மறிப்பு 16,000 ஓமுக்கு அருகே. கேபிள் அதை நசுக்கிவிடும். குச்சியின் காலடியிலேயே, மிக உயர்ந்த மறிப்புள்ள ஒரு பெருக்கியை வைத்து, அதன் வெளிவாயிலை 50 ஓமாக மாற்றித் தந்தால்தான் குச்சி பிடித்த சிக்னல் கேபிளுக்குள் இறங்கும். சிக்னலைப் பெரிதாக்குவது இந்தப் பெருக்கிக்கு இரண்டாம் வேலை. மறிப்பை மாற்றித் தருவதே முதல் வேலை. வளையத்துக்கு நேர்மாறு: அதன் மறிப்பு மிகக் குறைவு என்பதால், உள்வாயில் மறிப்பு மிகக் குறைந்த பெருக்கி வேண்டும்.

சூடாகும், கனக்கும், வெளியில் மழையில் நிற்கவும் முடியாத வால்வை வைத்து இதைச் செய்வது சிரமம். டிரான்சிஸ்டர், அதிலும் ஃபெட் வகை டிரான்சிஸ்டர், வந்த பிறகே இது எளிதாயிற்று. 1960களில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹான்ஸ் ஹைன்ரிக் மைன்கேயும் அவர் குழுவினரும் டிரான்சிஸ்டரை ஆண்டெனாவின் உறுப்பாகவே கருதி வடிவமைத்தார்கள். ஆண்டெனாவையும் பெருக்கியையும் தனித்தனிப் பொருள்களாகப் பார்க்காமல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கணக்குப் போட்டதுதான் அவர்களின் பங்களிப்பு. அதே மியூனிக் நகரின் ரோட அண்ட் ஷ்வார்ட்ஸ் நிறுவனம் சுமார் ஒரு மீட்டர் உயரமுள்ள ஆக்டிவ் குச்சிகளைத் தூதரகங்களுக்கும் கப்பல்களுக்கும் கண்காணிப்பு நிலையங்களுக்கும் விற்றது. பெரும் நிலம் தேவைப்பட்ட கேட்பு நிலையம் ஒரு கூரைக்குள் சுருங்கியது.

விலையோ சாமானியரின் கைக்கு எட்டாதது. அந்த இடைவெளியை நிரப்பியவற்றில் ஒன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டேவிட் டாங் தொடங்கிய டேடாங் நிறுவனம். அதன் ஏடி270 வீட்டுக்குள் மாட்டுவதற்கு. ஏடி370 வெளியே மாட்டுவதற்கு. நடுவில் சிறு பெருக்கிப் பெட்டி, இருபுறமும் இரண்டு குட்டைக் கைகள். தோட்டமோ கம்பமோ இல்லாத பிரிட்டிஷ் சிற்றலை நேயர்கள் 1980களில் இதைப் பரண்களில் மாட்டினார்கள்.

எல்லா இடத்திலும் அது சரியாக வேலை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே, நூற்றுக்கணக்கான கிலோவாட் சக்தியோடு, சர்வதேச ஒலிபரப்பு நிலையங்கள் ஐரோப்பிய இரவுகளை நிறைத்திருந்தன. அகன்ற அலைவரிசை முழுவதையும் ஒரே பெருக்கி விழுங்கும்போது, பலமான இரண்டு நிலையங்கள் அதற்குள் கலந்து, உண்மையில் இல்லாத மூன்றாவது அதிர்வெண்ணில் பேய்க்குரலாக எழும். 6 மெகாஹெர்ட்ஸ் நிலையமும் 7.2 மெகாஹெர்ட்ஸ் நிலையமும் சேர்ந்து 13.2 மெகாஹெர்ட்ஸில் முணுமுணுக்கும். ஒரே நிலையம்கூடத் தன் மடங்குகளில் தலைகாட்டும். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸை எடுத்துக்கொண்டால் அதன் இருமடங்கு 1,440. ஐந்து மடங்கு 3,600. இந்த 3,600 அமெச்சூர்களின் 80 மீட்டர் பேண்டுக்கு நடுவில் விழுகிறது. ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவர் மலிவான ஆக்டிவ் ஆண்டெனாவை மாட்டிவிட்டு 80 மீட்டரில் பாட்டுக் கேட்டால், பழி பெரும்பாலும் ஆண்டெனாவின் பெருக்கியைத்தான் சேரும். உலக நாடுகளின் 2003ஆம் ஆண்டு முடிவுப்படி, 2009 மார்ச் 29இல் ஒலிபரப்பாளர்கள் 7.1 முதல் 7.2 வரையிலான இடத்தைக் காலி செய்தபோது ஹாம்கள் பெருமூச்சு விட்டதற்கு இந்தப் பேய்க்குரல்களும் ஒரு காரணம்.

ட்வெண்டேயின் கூரை

நெதர்லாந்தின் என்ஷெடே நகரில் ட்வெண்டே பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஒரு கட்டடத்தின் கூரையில், பிளாஸ்டிக் குழாய்க்குள் அடங்கிய கைச்செய்முறை ஆண்டெனா ஒன்று நிற்கிறது. ஒரு முனையில் தாமிரம் பூசிய சிறு பலகைத் துண்டு. அதுதான் அலையைத் தொடும் பகுதி. அதே பலகையின் மறுபாதியில் ஜே310 என்ற ஃபெட் ஒன்றும் 2என்5109 என்ற டிரான்சிஸ்டர் ஒன்றும். மொத்தமும் கைக்குள் அடங்கும். நெதர்லாந்து அமெச்சூர் ரூலஃப் பக்கர் வடிவமைத்த இந்த மினி-விப், பூஜ்யத்துக்கு அருகிலிருந்து 29 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்டு, கணினி வழியாக ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான நேயர்களுக்கு அந்த அலைவரிசைகளைத் திறந்துவிடுகிறது. 2008 முதல் உலகம் அறிந்த இந்த ஏற்பாட்டைக் கட்டியவர் பீட்டர்-ட்யெர்க் டி பூர் என்ற அமெச்சூர். டுவிங்கலோவில் உள்ள 25 மீட்டர் பழைய வானொலித் தொலைநோக்கியைப் பல அமெச்சூர்கள் சேர்ந்து கேட்க வழி செய்யும் எண்ணத்தில்தான் இதன் மென்பொருள் முதலில் பிறந்தது.

மினி-விப் உலகமெங்கும் நகலெடுக்கப்பட்டது. சிலருக்கு அற்புதமாக வேலை செய்தது. பலருக்கு வெறும் இரைச்சலைத் தந்தது. ஏன் என்று டி பூர் 2014இல் விளக்கினார். பலகைத் துண்டு ஒரு மின்னழுத்தத்தைத்தான் உணர்கிறது. அழுத்தம் என்றால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் உள்ள வித்தியாசம். ஒரு புள்ளி பலகை, மற்றது எது? கேபிளின் வெளி உறை. அந்த உறை நேராக வீட்டுக்குள் போய்க் கணினியிலும் மின் இணைப்பிலும் முடிந்தால், வீட்டின் அத்தனை மின் அழுக்கும் அந்த இரண்டாவது புள்ளியாகிவிடுகிறது. கம்பத்தின் அடியிலேயே கேபிள் உறையை மண்ணில் எர்த் செய்தால், இரண்டாவது புள்ளி சுத்தமான மண்ணாகிறது. மின்சாதனக் கடையில் காசு கொடுத்து வாங்க முடியாத தரம், ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்ததில் கிடைத்தது.

வளையங்களுக்கும் இதே காலத்தில் மறுமலர்ச்சி வந்தது. பிரிட்டனில் வெல்புரூக் நிறுவனம் ஒரு மீட்டர் விட்டமுள்ள அலுமினிய வளையத்தோடு ஏஎல்ஏ1530 என்ற ஆண்டெனாவை விற்றது. மத்திய அலை நேயர்களிடையே அது நீண்ட காலம் மதிப்போடு இருந்தது. பல்கேரிய அமெச்சூர் சாவ்தார் லெவ்கோவ், வளையத்தையும் இரு கை கொண்ட குட்டை டிப்போலையும் ஒரே பெருக்கியில் மாற்றி மாற்றிக் கேட்கும் வடிவத்தைச் செய்து, அதன் அளவுகளையும் கணக்குகளையும் ஒளிவில்லாமல் வெளியிட்டார். பிறகு சீனாவிலிருந்து மெல்லிய உலோகக் கம்பி வளையத்தோடு எம்எல்ஏ-30 என்ற மலிவுப் பொருள் வந்து, மாணவர்களும் வாங்கும் விலைக்கு ஆக்டிவ் ஆண்டெனாவைக் கொண்டுவந்தது.

அமெச்சூர்களுக்குப் புதிதாகக் கிடைத்த தாழ்ந்த பேண்டுகளும் இந்தச் சிறு ஆண்டெனாக்களுக்கு வேலை தந்தன. 2007இல் உலக வானொலி மாநாடு 136 கிலோஹெர்ட்ஸ் பகுதியையும், 2012இல் 472 முதல் 479 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பகுதியையும் அமெச்சூர்களுக்கு ஒதுக்கியது. 136 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 2,200 மீட்டர். அரை அலை டிப்போல் கட்ட ஒரு கிலோமீட்டருக்கு மேல் நிலம் வேண்டும். யாரிடம் இருக்கிறது அவ்வளவு நிலம்? ஒரு மீட்டர் குச்சியும் நல்ல ஃபெட்டும் அந்த வேலையைச் செய்தன.

வானியலாளர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். 2010 ஜூன் 12 அன்று ராணி பெயாட்ரிக்ஸ் திறந்துவைத்த லோஃபார் தொலைநோக்கியின் மையம் நெதர்லாந்தின் எக்ஸ்லோ கிராமத்துக்கு அருகில் இருக்கிறது. அதன் தாழ்ந்த அலைவரிசைப் பகுதியில் ஆளுயரக் குழாய்கள் வயலெங்கும் நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் சிறு பெருக்கி; அதிலிருந்து கூடாரக் கயிறுபோல் கம்பிகள் சரிந்து மண்ணுக்கு இறங்குகின்றன. 10 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும் இந்த ஆக்டிவ் டிப்போல்கள், ஜான்ஸ்கி அன்று கேட்ட அதே வான் இரைச்சல் ரிசீவரின் இரைச்சலைவிட மேலோங்கி நிற்பதால்தான் சாத்தியமாயின.

இன்றைய மொட்டை மாடியில்

இந்த நூறாண்டுக் கதையில் ஒரு பாத்திரம் மட்டும் ஓயாமல் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது: மனிதர் கிளப்பும் இரைச்சல். எல்.இ.டி. விளக்கின் உள்ளே இருக்கும் டிரைவர், கைப்பேசி சார்ஜர், யூ.பி.எஸ்., கூரைமேல் சோலார் இன்வெர்ட்டர், மின்கம்பியிலேயே இணையம் அனுப்பும் அடாப்டர் என்று ஒவ்வொரு வீடும் சிறு டிரான்ஸ்மிட்டராகிவிட்டது. காட்லி ஒதுக்க நினைத்த இடி, தொலைதூரத்தில் இடித்தது. இன்றைய ஹாமின் இடி பக்கத்து அறையில் இருக்கிறது. ஆகவே எதை வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால், எங்கே வைப்பது என்ற கேள்வி வர வேண்டும்.

குச்சியா, வளையமா? திறந்த வெளியும், மண்ணில் தனியாக எர்த் அடிக்க வசதியும், வீட்டிலிருந்து விலகி ஒரு கம்பம் நட இடமும் இருந்தால் குச்சி போதும். சின்னது, மலிவு, எல்லாத் திசையிலும் கேட்கும். அது பிடிக்கும் அழுத்தம் கம்பத்தின் உயரத்தோடு கூடும் என்பதால் சில மீட்டர் உயர்த்துவது பலன் தரும். அளவுக்கு மீறி உயர்த்தினால் பலமான நிலையங்கள் பெருக்கியைத் திணறடிக்கும். நெருக்கமான தெருவில், ஓரிரு திசைகளிலிருந்து இரைச்சல் வருமானால் வளையம் மேல். தரையிலிருந்தோ மாடித் தளத்திலிருந்தோ ஆளுயரத்தில் வைத்தாலே போதும். அதிக உயரத்தால் பெரிய லாபமில்லை. கையால் திருப்பும்படி மாட்டி, அதன் செவிட்டுப் பக்கத்தை இரைச்சல் வரும் திக்குக்குக் காட்ட வேண்டும். தொலைவிலிருந்து வானத்தில் பட்டுத் திரும்பி வரும் சிக்னல் மேலிருந்து சரிந்து இறங்குவதால், அந்தச் செவிட்டுப் பக்கம் அதை முழுதாக விழுங்குவதில்லை. தெருவோரமாக வரும் இரைச்சலைத்தான் விழுங்குகிறது.

எதைத் தேர்ந்தாலும் மாட்டும் முறை ஒன்றே. கட்டடத்துக்குள் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் ஓடும் இரும்புக் கம்பிகள் சிக்னலைத் தடுக்கும், வயரிங் இரைச்சலை ஊட்டும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் அதை ஃபெரைட் வளையம் ஒன்றில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினால், உறையின் வெளிப்புறமாக ஏறிவரும் இரைச்சல் அங்கேயே நிற்கும். பெருக்கிக்கான 12 வோல்ட் அதே கேபிள் வழியாகத்தான் மேலே போகிறது. அதைக் கைப்பேசி சார்ஜர் ரகத்து அடாப்டரிலிருந்து எடுத்தால் இரைச்சலை நாமே ஊட்டியதாகும். டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய ரக லீனியர் சப்ளையோ பேட்டரியோ நல்லது. ஆக்டிவ் ஆண்டெனாவுக்குள் ஒருபோதும் டிரான்ஸ்மிட் செய்யக் கூடாது. பக்கத்திலேயே 100 வாட் அனுப்பும் ஆண்டெனா இருந்தால், அனுப்பும் நேரத்தில் பெருக்கியைத் துண்டிக்கும் ரிலே வேண்டும். இல்லாவிட்டால் ஃபெட் அதோடு போச்சு. இடி இடிக்கத் தொடங்கும் முன்பே கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும். அதற்கு விதிவிலக்கே கிடையாது.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பேட்டரியில் ஓடும் சாதாரண ரேடியோ ஒன்றை எடுத்து, மத்திய அலையில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, இரவு எட்டு மணிக்கு வீட்டையும் மாடியையும் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். எங்கே சீறுகிறது, எங்கே அடங்குகிறது என்று காதே சொல்லிவிடும். யூ.பி.எஸ்.ஸை நிறுத்தி ஒருமுறை, விளக்குகளை அணைத்து ஒருமுறை கேளுங்கள். மிகவும் அடங்கிய மூலையில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டுவிட்டு, பிறகு ஆண்டெனாவுக்குப் பணம் கொடுங்கள்.